கிருமி யாருடையது?

மருத்துவமனையில் தொற்றிக்கொள்வது ஒன்று, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியபோது தலைதூக்குவது இன்னொன்று என்று மருத்துவ நூல்கள் இரு வகைத் தொற்றுகளை அடுத்தடுத்து வைத்து விளக்குகின்றன. படிப்பவருக்கு இவை ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு இனங்கள் போலத் தெரியும். ஆனால் இவை இரண்டு வேறு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள். மருத்துவமனைத் தொற்று என்ற பெயர் இடத்தையும் காலத்தையும் மட்டுமே பார்க்கிறது. நோயாளி சேரும்போது இல்லாத, உள்ளுக்குள் வளர்ந்துகொண்டும் இல்லாத ஒரு தொற்று, சேர்ந்து 48 மணி நேரம் கழித்து வெளிப்பட்டால் அது மருத்துவமனையின் கணக்கில் சேரும். அறுவை சிகிச்சைப் புண் சீழ் பிடித்தால் 30 நாள் வரை, செயற்கை மூட்டு போன்ற பொருள் உள்ளே வைக்கப்பட்டிருந்தால் 90 நாள் வரை கணக்கு நீளும். சந்தர்ப்பவாதத் தொற்று என்ற பெயரோ ஆளைப் பார்க்கிறது. நல்ல உடம்பில் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும் கிருமி, காவல் தளர்ந்த உடம்பில் ஆளையே கொல்லுமானால் அதற்கு அந்தப் பெயர்.

இடத்தைச் சொல்லும் பெயரில் ஒரு குற்றச்சாட்டும், ஆளைச் சொல்லும் பெயரில் ஒரு சாக்கும் ஒளிந்திருக்கின்றன. “ஆஸ்பத்திரியில்தான் வந்தது” என்று உறவினர் சொல்வதும், “நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை” என்று மருத்துவர் சொல்வதும் ஒரே மரணத்தைப் பற்றியதாக இருக்கலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அந்த மரணத்துக்கு யார் பொறுப்பு? எந்தக் கிருமி என்பதை ஆய்வுக்கூடம் இரண்டு நாளில் சொல்லிவிடும். இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை இல்லை. காரணம் என்பது என்ன, காரணமாக இருப்பவரெல்லாம் பொறுப்பாளியா, பொறுப்பாளி எல்லாம் குற்றவாளியா என்ற பழைய மெய்யியல் கேள்விகள் இங்கே கட்டிலுக்கு அருகிலேயே வந்து நிற்கின்றன.

இரு பெயர்களும் எப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன என்பதை ரத்தப் புற்றுநோய் வார்டில் தெளிவாகப் பார்க்கலாம். கீமோ மருந்து ஏற்றி சுமார் பத்து நாளில் நோயாளியின் வெள்ளணுக்கள் தரைமட்டமாகின்றன. கிருமியை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோபில் அணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 500க்கும் கீழே போய்விடும். அதே மருந்தால் வாயின் உட்தோலும் குடலின் உட்தோலும் உரிகின்றன. நள்ளிரவில் குளிர் எடுக்கிறது, காய்ச்சல் 38.5 டிகிரியைத் தாண்டுகிறது. ரத்தத்தை வளர்த்துப் பார்த்தால் ஈ. கோலி. யாருடைய கையும் அதைக் கொண்டுவரவில்லை; அது அவர் குடலிலேயே குடியிருந்த கிருமி. ஆனால் அவர் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது, கழுத்து நரம்பில் குழாயும் இருக்கிறது. விதிப்படி பார்த்தால் இது குழாய்வழி ரத்தத் தொற்று, அதாவது மருத்துவமனையின் பெயரில் எழுத வேண்டிய பிழை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013இல் இந்த நிலைமைக்கென்று ஒரு தனித் தலைப்பையே ஏற்படுத்தியது: சளிச்சவ்வுக் காப்பு சிதைந்ததால் வந்த ரத்தத் தொற்று. குழாயைக் குறை சொல்வதா குடலைக் குறை சொல்வதா என்ற வழக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்து முடித்துவைத்தார்கள். மெய்யியலில் நூற்றாண்டுக்கணக்கில் இழுபடுவதைக் கணக்கெழுதுபவர்கள் இப்படித்தான் தீர்க்கிறார்கள்.

அந்தத் தீர்வும் முழுமையானதல்ல. நோயாளியின் ‘சொந்த’க் கிருமி எவ்வளவு காலம் சொந்தமாக இருக்கிறது? தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் கிடந்தாலே தொண்டையிலும் குடலிலும் தோலிலும் குடியிருக்கும் கிருமிக் கூட்டம் மாறிவிடுகிறது. ஆன்டிபயாடிக் பழையவற்றை அழிக்க, வார்டில் உலவும் மருந்துக்கு அடங்காத இனங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. போன தடவை சேர்ந்திருந்தபோது குடலில் ஏறிக்கொண்ட கிருமி இந்தத் தடவை ரத்தத்தில் இறங்கலாம். 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து அறிவிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை எல்லைக்கோட்டின் இரு பக்கமும் நிற்பது. கட்டில் கம்பியிலும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையிலும் ஒட்டிக்கொண்டு ஆளுக்கு ஆள் பரவும். பெரும்பாலும் ஏற்கெனவே துவண்டவரைத்தான் வீழ்த்தும். அதை எந்தப் பெயரில் எழுதினாலும் பாதிதான் சரி.

ஆகவே காரணம் என்ற கருத்தையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று சொல்லும்: குடத்துக்கு மண், சக்கரம், குயவன். தொற்றை இந்தச் சட்டகத்தில் வைத்துப் பார்த்தால் கிருமியை முதற்காரணமாகக் கொள்ளலாம். குழாய், புண், குன்றிய எதிர்ப்பாற்றல் ஆகியவை துணை. மூன்றாவது இடத்தில்தான் சிக்கல். நிமித்தகாரணம் அறிவுள்ளதாக, அறிந்து செய்வதாக இருக்க வேண்டும். கிருமிக்கு நோக்கம் கிடையாது. அதைச் சுமந்துவந்த கைக்கும் தீய நோக்கம் இல்லை, பெரும்பாலும் சுமந்தது தெரியவும் தெரியாது. அந்த இருக்கை காலியாக இருப்பதால்தான் ஆளாளுக்கு ஒருவரை அதில் உட்காரவைக்கிறார்கள்: விதியை, செவிலியரை, நோயாளியின் நடத்தையை.

கிருமி மட்டும் போதுமான காரணமல்ல என்பதை 1892இல் மூனிச் நகரில் மாக்ஸ் பெட்டன்கோஃபர் தன் உடம்பிலேயே சோதித்தார். காலராவுக்குக் கிருமியே காரணம் என்ற ராபர்ட் கோஃகின் முடிவை ஏற்காத அவர், 73 வயதில் காலராக் கிருமிகள் நிறைந்த திரவத்தைக் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். அவர் எடுத்த முடிவு தவறு. காலராவுக்குக் கிருமி இன்றியமையாதது. ஆனால் எல்லா உடம்பும் ஒன்றல்ல என்ற அவர் பக்கத்து உண்மை தவறாகிவிடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஹெச். எல். ஏ. ஹார்ட், டோனி ஹானரே என்ற இரு சட்ட அறிஞர்கள் 1959இல் வெளியிட்ட நூல் இந்தச் சிக்கலில் ஒரு வழியைத் திறந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனையோ நிபந்தனைகள் சேர வேண்டும். அவற்றில் எப்போதும் இருப்பவற்றை மனிதர்கள் காரணம் என்று சொல்வதில்லை. வழக்கத்துக்கு மாறாக நேர்ந்ததையோ ஒருவர் செய்ததையோ எடுத்துத்தான் காரணம் என்று சுட்டுகிறார்கள். இந்த அளவுகோலை வார்டுக்குள் கொண்டுபோனால் ஒரு முக்கியமான விளைவு கிடைக்கிறது. தெருவில் நடமாடும் நூறு பேரில் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஒருவர் என்றால், அவருக்கு மட்டும் வந்த நோய்க்கு அந்தக் குறைவைக் காரணமாகச் சொல்லலாம். எலும்பு மஜ்ஜை மாற்று வார்டிலோ படுத்திருக்கும் அத்தனை பேருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லை. அதற்காகத்தான் அந்த வார்டே கட்டப்பட்டது. அங்கே பலவீனம் எப்போதும் இருக்கும் பின்னணி. ஒரு கட்டிலில் தொற்று வந்து பக்கத்துக் கட்டிலில் வராததற்கு அதை விடையாகச் சொல்ல முடியாது. “நோயாளி பலவீனமானவர்” என்று மருத்துவமனை சொல்வது உண்மைதான், விளக்கமாகாது.

பொறுப்புக்கும் குற்றத்துக்கும் உள்ள இடைவெளியை மருத்துவ வரலாற்றில் இக்னாஸ் செம்மல்வைஸ் அளவுக்குக் காட்டியவர் வேறு யாரும் இல்லை. வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம். ஊருக்கே இது தெரியும். இரண்டாம் பிரிவில் சேர்க்கும்படி பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். மருத்துவமனைக்கு வந்துசேரும் முன் தெருவிலேயே பெற்றவர்களுக்கும் இந்தக் காய்ச்சல் குறைவாகவே வந்தது. காற்று, பருவம், பயம், நெரிசல் என்று சொல்லப்பட்ட காரணங்களை அங்கே மருத்துவராக இருந்த செம்மல்வைஸ் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். இறப்போருக்கு இறுதிச் சடங்கு செய்ய மணியடித்துக்கொண்டு வரும் பாதிரியாரை வேறு வழியாக வரச் சொல்லியும் பார்த்தார்.

1847 மார்ச்சில் அவர் நண்பர் யாக்கோப் கோலெட்ஷ்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவனின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடலில் கண்ட மாற்றங்கள் பிரசவத்தில் இறந்த பெண்களின் உடலில் கண்டவையாகவே இருந்தன. பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்று செம்மல்வைஸ் முடிவுகட்டினார். மே மாத நடுவிலிருந்து குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு பாடம் கிடைத்தது. வரிசையில் முதல் கட்டிலில் கருப்பைப் புற்றால் சீழ் வடிந்த ஒரு பெண் இருந்தார். வார்டுக்குள் நுழையும்போது கழுவிய கைகள் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் குளோரின் நீரில் கழுவப்படவில்லை. அந்த வரிசையில் பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். பிணத்திலிருந்து மட்டுமல்ல, உயிரோடிருக்கும் நோயாளியிடமிருந்தும் சாவு கைவழி போகும் என்பது அப்போது தெரிந்தது.

இதில் குற்றவாளி யார்? கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம் அது. அறியாமல் செய்தவரைக் குற்றவாளி என்று எந்த நீதிநூலும் எளிதில் சொல்லாது. ஆனாலும் செம்மல்வைஸ் தன்னை விடுவித்துக்கொள்ளவில்லை. பிணப் பரிசோதனையில் பிறரைவிட அதிகம் ஈடுபட்டவர் அவர். தன்னால் எத்தனை பெண்கள் காலத்துக்கு முன்பே கல்லறைக்குப் போனார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்ற பொருளில் 1861இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். கீல் நகரத்து மகப்பேறு மருத்துவர் குஸ்தாவ் மிக்கேலிஸ் இந்தக் கண்டுபிடிப்பை உண்மையென்று ஏற்றார். தன் உறவுக்காரப் பெண்ணின் சாவுக்குத் தானே காரணம் என்ற நினைப்பு வாட்ட, 1848இல் தற்கொலை செய்துகொண்டார். தெரிந்தபின் மாற்ற மறுத்தவர்களைச் செம்மல்வைஸ் பகிரங்கக் கடிதங்களில் கொலைகாரர் என்றே அழைத்தார். சொல் கடுமையானது, ஆனால் கோடு சரியான இடத்தில் போடப்பட்டது. அறியாத காலத்தில் செய்தது துயரம், அறிந்தபின் தொடர்வது குற்றம். 1865இல் வியன்னாவுக்கு அருகில் ஒரு மனநலக் காப்பகத்தில் புண் சீழ்பிடித்து அவர் இறந்தார். அவருக்கு வயது 47.

பலவீனத்தின் பக்கத்தில் குற்றம் எதிர்த்திசையில் பாய்கிறது: நோயாளியை நோக்கி. 1981 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று வந்ததாக அமெரிக்க வார அறிக்கை ஒன்று தெரிவித்தது. அந்தப் பூஞ்சை அபூர்வமானதல்ல. பெரும்பாலான குழந்தைகள் அதைச் சந்தித்து, அறியாமலேயே கடந்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் சத்துணவில்லாத கைக்குழந்தைகளையும், பிறகு புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களையும் அது தாக்கியது. அப்போதெல்லாம் யாரும் அதைத் தண்டனை என்று சொல்லவில்லை. தன்பாலீர்ப்புள்ள ஆண்களிடம் கண்டதும் மதமேடைகளில் அது கடவுளின் தண்டனை ஆனது. கிருமி மாறவில்லை, நோயாளி யார் என்பதுதான் மாறியது. அவர்களின் காவலைத் தளர்த்தியது எச்.ஐ.வி. என்று பின்னர் தெரிந்தது. இந்தியாவில் 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக உறுதியானது. பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் மாதிரிகள் அவை. நோய் நுழைந்த வழியை வைத்து நோயாளியை எடைபோடும் பழக்கம் அன்றிலிருந்து இங்கேயும் வேர்விட்டது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இந்தியாவில் மிகுதியாக வரும் சந்தர்ப்பவாதத் தொற்று காசநோய். அந்தக் காசநோய்க் கிருமி நடத்தை பார்த்து வருவதில்லை.

துன்பமெல்லாம் செய்த வினையின் பலன் என்ற எண்ணத்தைச் சமயங்களே ஒப்புக்கொள்ளாத இடங்கள் உண்டு. சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற துறவி, ஒருவர் படும் இன்பதுன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று புத்தரைக் கேட்கிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், முறைதவறிய நடத்தை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் புத்தர் அடுக்குகிறார். எட்டாவதை மட்டும் பிடித்துக்கொள்வது கண்ணால் காண்பதையும் உலகம் ஒப்பியதையும் தாண்டிப் போவது என்கிறார். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடரைக் காட்டி, பாவம் செய்தது இவரா பெற்றோரா என்று சீடர்கள் கேட்க, இருவருமில்லை என்று இயேசு மறுக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் சிரியாவில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுப் படையோடு திரும்ப முடிவுசெய்த கலீபா உமரிடம், இறைவன் விதித்ததிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று படைத்தலைவர் அபூ உபைதா கேட்டார். இறைவன் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த இன்னொன்றுக்குப் போகிறோம் என்பது உமரின் பதில். ஊழை நம்புகிறவருக்கும் கை கழுவும் கடமை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வாதம் கிடைப்பது அரிது.

பலவீனம் நோயாளியின் சொந்தச் சரக்கு என்பதும் பாதிதான் உண்மை. இன்றைய சந்தர்ப்பவாதத் தொற்றுகளில் பெரும்பங்கு மருத்துவமே உண்டாக்கிய பலவீனத்தில் வருபவை. மாற்றிய சிறுநீரகம் நிலைக்க எதிர்ப்பாற்றலை அடக்க வேண்டும். புற்றைக் கொல்லும் மருந்து மஜ்ஜையையும் சுடும். இவை தவறுகளல்ல, தெரிந்தே கொடுக்கும் விலை. 2021இல் இந்தியாவின் இரண்டாம் கொரோனா அலையில் இது பெருமளவில் தெரிந்தது. மண்ணிலும் அழுகும் பழத்திலும் எப்போதும் இருக்கும் மியூக்கர் வகைப் பூஞ்சை, கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளில் மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. ஜூன் முடிவுக்குள் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது; பலரின் கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காக்க முடிந்தது. உயிர்காத்த ஸ்டீராய்டு தேவையான அளவு, தேவையான நாள் என்ற வரம்பைத் தாண்டியபோது அதுவே கதவைத் திறந்துவிட்டது. இந்தத் தொற்று யாருடையது? சர்க்கரை நோயாளியின் உடம்புடையதா, மருந்துச் சீட்டுடையதா, சீட்டே இல்லாமல் விற்ற மருந்துக்கடையுடையதா? ஒரே பெயர் எழுதும் கட்டத்தில் இதை அடைக்க முடியாது.

தவிர்த்திருக்க முடியுமா என்பதே பொறுப்பை அளக்கும் கோல் என்றால், அந்தக் கோலும் ஒரே நீளத்தில் நிற்பதில்லை. கழுத்து நரம்பில் போடும் குழாய்வழித் தொற்றைத் தீவிர சிகிச்சையின் தவிர்க்க முடியாத செலவு என்றே நீண்டகாலம் கருதினார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் பிரனோவஸ்ட் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் ஐந்து எளிய காரியங்களைக் கட்டாயமாக்கினார்கள். கை கழுவுவது, தொப்பி, முகக்கவசம், அங்கி, உடல் முழுவதையும் மூடும் துணி ஆகியவற்றைச் சேர்த்தே பயன்படுத்துவது, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைப்பது, முடிந்தவரை தொடை நரம்பைத் தவிர்ப்பது, தேவை முடிந்த அன்றே குழாயை எடுத்துவிடுவது. ஒரு படி தவறினாலும் மருத்துவரை நிறுத்தச் செவிலியருக்கு அதிகாரம் தரப்பட்டது. இந்தக் கடைசி அம்சம்தான் கடினமானது. கிருமிநாசினி வாங்குவதைவிடப் படிநிலையைத் தாண்டி “டாக்டர், நிறுத்துங்கள்” என்று சொல்வது சிரமம். 2006இல் வெளியான முடிவுப்படி, ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த இடைநிலைத் தொற்று விகிதம் மூன்று மாதத்தில் பூஜ்யமானது. நோயாளிகள் முன்புபோலவே பலவீனமாகத்தான் இருந்தார்கள். ‘தவிர்க்க முடியாதது’ என்ற சொல் அதுவரை எத்தனை மரணங்களை மூடியிருந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. 2008 அக்டோபரிலிருந்து அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம் சில மருத்துவமனைத் தொற்றுகளுக்கான கூடுதல் செலவைத் தர மறுத்தது. தண்டனை வந்தால் கணக்கெழுதும் கை மாறும். அதிக ஆபத்துள்ள நோயாளியைச் சேர்க்கத் தயக்கமும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, மருத்துவமனையில் சேரும் நூறு பேரில் வளமான நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் குறைந்தது ஒரு மருத்துவமனைத் தொற்று வருகிறது. இந்த இடைவெளியில் தனி மனிதரின் அலட்சியம் சிறு பங்கு. ஒரு செவிலியருக்கு எத்தனை கட்டில், வார்டில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, ஒரே கையுறையை எத்தனை பேருக்குப் போட்டுக்கொள்ள நேர்கிறது என்பவை பெரும் பங்கு. கழுவத் தொட்டியே இல்லாத வார்டில் கை கழுவாததற்காகச் செவிலியருக்கு மெமோ கொடுப்பது அறமாகாது.

காரணத்தை நிலைநாட்டாமலேயே பொறுப்பை ஏற்க முடியும் என்பதைச் சட்டம் சில இடங்களில் காட்டியிருக்கிறது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் தீங்கிழைத்தவர், பாதிக்கப்பட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும். அவர் மற்றவரைவிட எளிதில் நொறுங்குபவர் என்பது இழப்பீட்டைக் குறைக்காது. பிரான்சில் 2002 மார்ச் மாதச் சட்டம், மருத்துவமனைத் தொற்று வந்தால் கவனக்குறைவை நோயாளி நிரூபிக்கத் தேவையில்லை என்றது. வெளிக்காரணத்தை நிரூபித்தால் மட்டுமே மருத்துவமனை தப்பலாம். அதே ஆண்டு டிசம்பரில், மரணமோ 25 சதவீதத்துக்கு மேற்பட்ட நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் இழப்பீட்டை நாட்டின் பொது நிதி ஏற்கும் என்று இன்னொரு சட்டம் வந்தது. நோயாளியின் உடலிலேயே இருந்த கிருமி என்றால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் முதலில் அத்தகைய தொற்றுக்கு விலக்கு அளித்தது. 2011இல் அந்த வேறுபாட்டைக் கைவிட்டது: கிருமி யாருடையதாயினும், அது புண்ணுக்குள் போனது சிகிச்சையின்போது என்றால் அது மருத்துவமனைத் தொற்றே.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை பொதுவாகப் புகார் செய்பவர் தலையிலேயே இருக்கிறது. எந்தக் கை, எந்த நாள், எந்தக் குழாய் என்பதை மயக்கத்தில் கிடந்தவரும் ஐசியூ கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவரும்தான் காட்ட வேண்டியிருக்கிறது.